பணம் என்றால் மணம் என்று எழுதுகிறாள்

கேள்வி: என் மகள் தனியார் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். காது கேட்காததால் மூன்று வயதில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி (அறுவை சிகிச்சை செய்து உட்காதில் பொருத்தும் கருவி) பொருத்தினோம். நன்றாகப் பேசுகிறாள். ஆனால் சொல்வதை எழுதுதலில் ‘பணம்’ என்றால் ‘மணம்’ என்று எழுதுகிறாள். “டி.சி. வாங்கிக்கொண்டு சிறப்புப் பள்ளியில் சேருங்கள்” என்கிறார் தலைமையாசிரியை. ஒரு மொழிப்பாடத்தை விட்டுவிட்டால் சமாளிப்பாளா?
– ஒரு தாய், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: சகோதரி, டி.சி. கேட்டு எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். பெற்றோரே விரும்பி விலகினார்கள் என்று எழுதி வாங்கிவிட்டால் பிறகு வாதாடுவது கடினம். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தக் குழந்தையையும் பள்ளியை விட்டு நீக்கக்கூடாது என்கிறது 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். அங்கீகாரம் பெற்ற பள்ளிகள், தனியார் பள்ளியானாலும், பாகுபாடின்றிச் சேர்த்துக்கொண்டு தேவையான வசதியும் செய்துதர வேண்டும் என்கிறது 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். சிறப்புப் பள்ளிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. சைகை மொழியில் வளரும் எத்தனையோ பிள்ளைகள் அங்கேதான் மலர்ந்திருக்கிறார்கள். உங்கள் மகளோ பேச்சைக் கேட்டுப் பழகி வருகிறாள். வாய் ஓயாமல் பேசும் பிள்ளைகள் நடுவே இருப்பதே அவளுக்குப் பயிற்சி.

பணம், மணம் விஷயத்துக்கு வருகிறேன். கண்ணாடி முன் நின்று இரண்டையும் சத்தமில்லாமல் சொல்லிப் பாருங்கள். உதடு ஒரே மாதிரிதான் மூடித் திறக்கும். மின்விசிறி இரைச்சலில் ஒலி தெளியாதபோது அவள் உதட்டைப் பார்த்து ஊகிக்கிறாள். இதற்கு மதிப்பெண் குறைப்பது அநியாயம். ‘கடைக்காரரிடம் பணம் கொடுத்தேன்’ என்று வாக்கியமாகச் சொல்லிவிட்டுச் சொல்லைக் கேட்டால் பெரும்பாலும் சரியாக எழுதிவிடுவாள். கருவிக்கு மேப்பிங், அதாவது அவள் கேட்கும் அளவுக்கு ஏற்ப ஒலியைச் சரிசெய்வது, செய்து நாளாகியிருந்தால் அதையும் பார்த்துவிடுங்கள்.

வகுப்பாசிரியையிடம் நேரில் பேசுங்கள். இரண்டாம் பெஞ்சில், கருவி உள்ள காது ஆசிரியை பக்கம் இருக்கும்படி, மின்விசிறிக்கு நேர்கீழே இல்லாமல் இடம் கேளுங்கள். கரும்பலகையில் எழுதிக்கொண்டே பேச வேண்டாம், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிச்சம் பின்னால் இருந்தால் முகம் இருண்டுவிடும், உதடு தெரியாது. “புரிந்ததா?” என்று கேட்டால் இந்தப் பிள்ளைகள் தலையாட்டிவிடுவார்கள். “நான் என்ன சொன்னேன், சொல்லம்மா” என்று கேட்க வேண்டும். இதில் எதற்கும் பள்ளிக்குக் காசு செலவில்லை. அதனால்தான் ‘முடியாது’ என்ற பேச்சைக் கேட்டால் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கேட்டதையெல்லாம் கடிதமாகவும் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையொப்பம் வாங்குங்கள். உங்கள் வட்டார வள மையத்தின் (ஒன்றிய அளவிலான அரசுக் கல்வி மையம்) சிறப்புப் பயிற்றுநரிடம் ஆலோசனை கேளுங்கள். பள்ளி அசையாவிட்டால் முதன்மைக் கல்வி அலுவலர். அங்கும் நடக்காவிட்டால் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையர்.

மொழிப்பாடத்தை இப்போது விடவே வேண்டாம். சொல் சேரும் வயது இது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் மொழிப்பாட விலக்கும் கூடுதல் நேரமும் கேட்கும் வாய்ப்பு இருக்கிறது. தேவையா என்று அப்போது அவளையே கேளுங்கள்.