வெளிநாட்டுக்காரர் நடத்தும் கேலரியால் உள்ளூர்க் கலைஞனுக்கு நன்மையா?

பாலி மாதிரித் தீவுகளில் வெளிநாட்டவர் கேலரி திறந்து உள்ளூர் ஓவியர்களை வளர்ப்பதாகச் சொல்வது நிஜமா, வெறும் வியாபாரமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களும் வரைகிறவர் போலிருக்கிறது. யாரோ வந்து படம் கேட்டிருப்பார்கள். மழுப்பாமல் சொல்கிறேன்: நன்மைதான், படத்தோடு உங்கள் பெயரும் போகிறவரை.

இந்தோனேசியாவின் பாலியில் ஜெர்மானிய ஓவியர் வால்டர் ஸ்பீஸும் டச்சு ஓவியர் ருடால்ஃப் பொன்னேயும் 1936-இல் பித்தா மகா என்ற கலைஞர்கள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அங்கே உபுத் என்ற ஊரின் அரச குடும்பத்துச் சுகாவதியும் மூத்த கலைஞர் லெம்பாதும் கூடவே நின்றவர்கள். அவர்களை விட்டுவிட்டு எழுதுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கரீபியன் நாடான ஹைட்டியில் 1944-இல் கலை மையம் தொடங்கிய அமெரிக்கர் டெவிட் பீட்டர்ஸ், ஒரு மதுக்கடைக் கதவில் இருந்த பூவையும் பறவையையும் வரைந்தது யார் என்று தேடிப் பிடித்தார். ஹெக்டர் ஹிப்போலித் என்ற பெயர் வெளியுலகத்துக்குத் தெரிந்தது அப்படித்தான்.

எங்கள் பெரியப்பா ஆற்காடு பக்கம் தெருக்கூத்து ஜமாக்களுக்குக் கட்டை செதுக்கியவர். கிரீடம், புஜகீர்த்தி, மார்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில். புதுச்சேரியில் கேலரி வைத்திருந்த பிரெஞ்சு அம்மா ஒருவர் கிரீடத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்க பேர் எங்கே?" என்றார். "சாமி வேஷத்துக்குக் கட்டறதும்மா, அதுல நம்ம பேரு எதுக்கு?" என்றார் பெரியப்பா. அந்தம்மா விடவில்லை. கடைசியில் நெற்றியில் படியும் உட்பக்கத்தில், பெரியப்பா தன் பெயரைச் சின்ன உளியால் இனிஷியலோடு ஒவ்வொரு எழுத்தாகச் செதுக்கினார். அடுத்த முறை வந்தபோது விற்ற விலையை நோட்டில் காட்டிவிட்டுத்தான் அந்தம்மா பணம் கொடுத்தார்.

நம்ம ஊர் ஆள் ஒருவரும் மொத்தமாக வாங்கிப் போவார். கண்ணாடிச் சில்லைப் பெயர்த்து, டீத்தண்ணீர் பூசி, பழங்காலத்துக் கிரீடம் என்று சீட்டு ஒட்டி வைத்திருந்ததை அவர் கடையிலேயே பார்த்தேன். செய்தவர் உயிரோடு ஊரில் உட்கார்ந்திருக்கிறார்!

வெள்ளைக்காரிக்குக் கொடி பிடிக்கிறான் என்று கீழே வந்து எழுதுவார்கள், எழுதட்டும். அந்தம்மாவும் லாபம் பார்த்தவர்தான். ஆனால் எவ்வளவு என்று பெரியப்பாவுக்குத் தெரியும். எல்லா வெளிநாட்டவரும் அப்படி என்று நான் சொல்லவில்லை. உங்களிடம் வந்தவர் விற்ற விலையைச் சொல்வாரா, பெயர் போடுவாரா, இரண்டையும் எழுதி வாங்கிக்கொண்டு படத்தைக் கொடுங்கள்.

கேட்டதற்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 2012-இல் அரசுப் பள்ளிகளில் மாதம் 5,000 ரூபாய்க்குப் பகுதி நேர ஓவிய ஆசிரியராகச் சேர்ந்தவர்களில் என் தங்கையும் ஒருத்தி. பத்தாம் வகுப்புப் பரீட்சை நெருங்கினால் போதும், ஓவியப் பீரியடைக் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். நன்றாக வரைகிற பிள்ளையைப் பற்றி அவள் ஸ்டாஃப் ரூமில் பேச்செடுத்தால், "மார்க் எவ்வளவு எடுக்கிறான்?" என்றுதான் கேட்பார்களாம். கையில் திறமை இருக்கிற பிள்ளையை முதலில் பார்க்கவேண்டியவர்கள் நாம் இல்லையா?