இரண்டாம் பாகத்தில் ஏன் தேக்கம்?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகள், உர்சுலா லெ குவினின் 'எர்த்சீ' வரிசையில் முதல் நாவலை ஒரே மூச்சில் முடித்தாள். இரண்டாவதில் மூன்று அத்தியாயம் தாண்டவில்லை. விட்டுவிடலாமா?

பதில்: இப்போதே விட வேண்டாம். 1968இல் வந்த முதல் நாவலில் கெட் என்ற இளம் மந்திரவாதி தீவு தீவாகக் கடலில் அலைகிறான். 1971இல் வந்த இரண்டாவதோ அடுவான் என்ற தீவின் பாலைவனத்தில், அங்குள்ள கல்லறைகளுக்குப் பூசாரியாக வளர்க்கப்படும் டெனார் என்ற சிறுமியோடு தொடங்குகிறது. கல்லறைகளுக்கு அடியில் விளக்கேற்றத் தடை. திருப்பங்களை எண்ணி, சுவரைத் தடவித்தான் அவள் வழி பழகுகிறாள். அந்த நிதானம் வேண்டுமென்றே வைத்தது. அற்புதமான பகுதி அது. ஆனால் கெட்டைத் தேடும் பிள்ளைக்குச் சலிப்புத் தட்டும். அவன் தலைகாட்டுவது 12 அத்தியாயங்களில் ஐந்தாவதில்தான். இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், கதை கெடாது.

நான்காம் அத்தியாயத்தை நீங்களே வாசித்துக் காட்டுங்கள். ஆறாவது முடிந்தும் பிடிக்கவில்லையென்றால் தாராளமாக மூடி வைக்கலாம். நேரே மூன்றாவதுக்குத் தாவினால் கெட் கிடைப்பான், ஆனால் எர்ரெத்-அக்பே என்ற பழங்கால வீரனின் மந்திரக் கைவளையம் எப்படிக் கிடைத்தது என்பது விட்டுப்போகும். 1990இல் வந்த நான்காவது, பெரியவர்களின் துயரம் பேசுவது. அதற்கு இன்னும் சில வருடம் போகட்டும்.