பொறி நிறைய ஈ, பிஞ்சு நிறைய புழு

கேள்வி: மொரீஷியஸில் ஃபிளாக் பக்கம் பாகலும் புடலும் போட்டிருக்கிறேன். மருந்துக்கட்டை வைத்த ஈப்பொறியில் தினமும் ஈ குவிகிறது. ஆனாலும் பிஞ்சு வளைந்து அழுகுகிறது, உள்ளே புழு. வாழைப்பழத்தில் மொய்க்கும் ஈயா இது? கொடியைப் பிடுங்கிவிட்டால் தொல்லை விடுமா?

பதில்: இல்லை ஐயா, அது வேறு, இது வேறு. வாழைப்பழத்துச் சின்ன ஈ அழுகலில் முட்டையிடும். உங்கள் கொடிக்கு வரும் ஈக்குப் பின்பக்கம் ஊசி உண்டு; நல்ல பிஞ்சையே துளைக்கும். ஒரு பிஞ்சைத் திருப்பிப் பாருங்கள்: ஊசி குத்தின புள்ளி, அதில் பிசின் துளி. ஓரிரு நாளில் முட்டை பொரிந்துவிடும், அப்புறம் மேலே அடிக்கிற மருந்து புழுவை எட்டாது.

எதில் முட்டையிடுவது என்பது பெரும்பாலும் பிறவிக் குணம். சின்ன ஈயில் இதை நன்றாகவே ஆராய்ந்திருக்கிறார்கள். சீஷெல்ஸில் ஓர் இனம், மற்ற ஈக்களுக்கு நஞ்சான நோனிப் பழத்தையே தேடிப்போய் முட்டையிடுகிறது. சுவை அறிவதில் பங்குள்ள இரண்டு மரபணுக்களுக்கு இதில் கை உண்டு என்று 2007-ல் தெரியவந்தது. அதன் பங்காளி இனம் ஒன்று நம் மொரீஷியஸிலேயே இருக்கிறது. அது நோனியே கதி என்று கிடப்பதில்லை.

உங்கள் ஈக்கும் பூசணிக் குடும்பத்தின் மேல்தான் நாட்டம். கொடியைப் பிடுங்கினால் பக்கத்துத் தோட்டத்து வெள்ளரிக்குப் போகும், அவ்வளவுதான்.

சரி, பொறி ஏன் உதவவில்லை? அந்த மருந்துக்கட்டையின் வாசனைக்கு வருவது ஆண் ஈ மட்டும். தப்பிய ஒரு ஆண் பல பெட்டைகளோடு சேரும். ஏற்கெனவே சேர்ந்த பெட்டையோ பொறிப்பக்கம் திரும்பாமல் முட்டையிட்டுக்கொண்டே இருக்கும்.

பெட்டையை அதன் பசியால் பிடியுங்கள். முட்டை முதிர அதற்குப் புரதம் வேண்டும். ஈஸ்டில் செய்த புரதத் தீனியில் சிறிது மருந்து கலந்து, தோட்டத்தைச் சுற்றிச் சோளம் நட்டு அதில் அங்கங்கே தெளியுங்கள். முட்டையிடாத நேரத்தில் ஈ தங்குவது அந்த மறைவில்தான். பூ உதிர்ந்ததும் பிஞ்சுக்குக் காகிதப் பை மாட்டுங்கள்.

குத்துப்பட்ட காயை வரப்பில் வீசாதீர்கள், புழு மண்ணுக்குள் போய்க் கூடுகட்டும். தடித்த பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி வெயிலில் போடுங்கள். ரீயூனியன் தீவில் இந்தக் காயை வலைக்கூடாரத்தில் கொட்டுகிறார்கள்: ஈ உள்ளேயே சாகும், ஈயை அழிக்கும் குட்டிக் குளவி வலைக்கண் வழியே வெளியே வந்துவிடும்.

பொறியை எடுத்துவிட வேண்டாம். ஈ கூடுகிறதா குறைகிறதா என்று வாரம் ஒருமுறை எண்ணிப் பார்க்க அது உதவும்.