வாசகர் முகவரி யார் கையில்?

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழாசிரியர் நான். எங்கள் பகுதிக் கோயில் கல்வெட்டுகளைப் படம் எடுத்துப் பல வருடங்களாக முகநூலில் எழுதி வருகிறேன். முன்பு நிறையப் பேர் படித்தார்கள். இப்போது நண்பர்களுக்கே போய்ச் சேர்வதில்லை. முகநூலை விட்டுவிட்டுத் தனித் தளம் தொடங்கலாமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: தளம் தொடங்குங்கள் ஐயா, ஆனால் முகநூலை விட வேண்டாம். புதியவர்கள் உங்களைக் கண்டுபிடிக்கும் இடம் இன்னும் அதுதான். அங்கே ஒரு படமும் நாலு வரியும் போட்டு, முழுதும் படிக்க உங்கள் தளத்தின் முகவரியைக் கொடுங்கள்.

தளம் ஏன் வேண்டும்? முகநூல் போலவே இருந்த ஆர்குட்டை 2014 செப்டம்பரில் மூடினார்கள். கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் போனது. 2020 ஜூன் 29 அன்று இந்தியாவில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள். அதை நம்பி வளர்ந்த கிராமத்துக் கலைஞர்கள் இன்னொரு வீடியோ எடுத்துவிடலாம், பார்த்துக்கொண்டிருந்தவர்களை எங்கே போய்த் தேடுவது? அவர்கள் யார் என்ற விவரம் கலைஞர்கள் கையில் இருந்ததே இல்லை. நம் சிற்றிதழ்க்காரர்கள் அச்சகத்தை மாற்றினாலும் ஊரை மாற்றினாலும் சந்தாதாரர் நோட்டைக் கூடவே எடுத்துப் போனார்கள். உங்களுக்கும் அப்படி ஒரு நோட்டு வேண்டும், மின்னஞ்சல் பட்டியலாக. மின்னஞ்சல் பார்க்காத வாசகர்களுக்கு வாட்ஸ்அப்பில், ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்ட் இருக்கிறது. ஒரு பட்டியலில் 256 பேர்தான், அதுவும் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்தவர்களுக்கு மட்டுமே போகும். அதனால் எண்ணைச் சேமிக்கச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

தளத்தின் பெயரை உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். செய்துகொடுக்கும் தம்பி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவர் பெயரில் வேண்டாம். அவர் வேலை மாறி வேறு ஊர் போனால் புதுப்பிக்கும் நினைவூட்டல் அவருக்குத்தான் போகும்.

அப்புறம், பழைய பதிவுகள். முகநூல் அமைப்புகளில் உங்கள் தகவல்களைத் தரவிறக்கும் வசதி உண்டு. எந்த வடிவில் வேண்டும் என்று கேட்கும்போது எச்டிஎம்எல் என்று தேர்ந்தெடுங்கள். ஜேசன் வடிவில் எடுத்தால் தமிழ் முழுக்க ஐரோப்பிய எழுத்தும் குறியுமாகச் சிதைந்து வரும். பார்த்ததும் எல்லாம் போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள், அதை மீட்கலாம். ஆனால் நிரல் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த வடிவில் எடுத்தாலும், உங்களைத் தொடர்பவர்களின் மின்னஞ்சல் அதில் வராது.

தளத்தில் ஏற்றும்போது ஊர், கோயில், மன்னன், ஆட்சியாண்டு நான்கையும் எழுத்தாகத் தட்டச்சு செய்யுங்கள். படத்துக்குள் மட்டும் இருந்தால் தேடுபவருக்குக் கிடைக்காது. பத்து வருடம் கழித்துத் தன் ஊர்ப் பெயரைத் தேடும் ஒரு பிள்ளை உங்கள் பக்கத்துக்கு வந்து சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். இன்னொன்று, தளம் அமைக்கப் பலரும் பயன்படுத்தும் வேர்ட்பிரஸ் மென்பொருள் தமிழ்த் தலைப்பையே இணைப்பு முகவரியாக்கிவிடும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் சதவீதக் குறியும் எண்ணுமாக அரைப் பக்கத்துக்கு நீளும். ஆங்கில எழுத்தில் சுருக்கமாக ஒரு பெயரை நீங்களே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வாரம் ஒரு சமையல் கடிதம் மின்னஞ்சலில் அனுப்பச் சப்ஸ்டாக் சரியாக இருக்குமா? சந்தா வசூலிக்க முடியுமா? (வாசகி, பொள்ளாச்சி)

பதில்: இலவசக் கடிதத்துக்கு நல்ல இடம். மின்னஞ்சல் பட்டியலை எப்போது வேண்டுமானாலும் கோப்பாக வெளியே எடுக்கலாம், அதனால்தான் தைரியமாகச் சொல்கிறேன். மாதம் ஒருமுறை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.

சந்தாதான் சிக்கல். வசூலில் 10 சதவீதம் அவர்களுக்குப் போகும். அதைவிட, பணம் ஸ்ட்ரைப் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவை வழியாகத்தான் வர வேண்டும். இந்தியாவில் புதிதாக அந்தக் கணக்கு எளிதில் கிடைப்பதில்லை. 2013இல் தொடங்கிய, லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தும் கோஸ்ட் என்ற இதே போன்ற சேவை பங்கு எதுவும் எடுக்காது. ஆனால் அதன் சந்தா வசதியும் ஸ்ட்ரைப்பை நம்பியே இருக்கிறது. முதல் வருடம் யுபிஐ கியூஆர் படத்தைக் கடிதத்தின் கீழே போட்டு ஆண்டுச் சந்தா கேளுங்கள். கட்டியவர் பெயரைக் கையால் குறித்துக்கொள்ளலாம். நூறு இருநூறு பேர் வரை அது ஒரு பாரமே இல்லை.

கேள்வி: மாஸ்டடான் போகலாமா? (வாசகர், மதுரை)

பதில்: போய்ப் பாருங்கள். முகநூல் போல எழுதிப் பகிரும் சமூகத் தளம்தான் அது, 2016இல் ஜெர்மனியில் இருந்தபடி ஆய்கன் ரோஹ்கோ தொடங்கியது. ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல், ஆயிரக்கணக்கான சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் அமைப்பு. சர்வர் பிடிக்கவில்லை என்றால் வேறொன்றுக்கு மாறலாம், தொடர்பவர்கள் கூடவே வருவார்கள். பழைய பதிவுகள் வராது, அதை மனதில் வையுங்கள். தமிழ்க் கூட்டம் அங்கே குறைவு. ஏற்கெனவே வேர்ட்பிரஸ் தளம் வைத்திருந்தால் ஆக்டிவிட்டிபப் என்ற பிளகினை (தளத்தோடு சேர்க்கும் துணை மென்பொருளை) நிறுவிப் பாருங்கள். மாஸ்டடானில் இருப்பவர்கள் உங்கள் தளத்தையே நேராகத் தொடரலாம், நீங்கள் இரண்டு இடத்தில் எழுத வேண்டியதில்லை.