ராத்திரி முழுக்க சார்ஜில் போடலாமா? பேட்டரி கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி மொபைல் பேட்டரி பற்றியவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

தூங்கப் போகும்போது சார்ஜில் போட்டுவிட்டுக் காலையில்தான் எடுக்கிறேன். பேட்டரி சீக்கிரம் போய்விடும் என்று வீட்டில் தினமும் திட்டு. யார் சொல்வது சரி?

இரண்டு பேர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. அளவுக்கு மீறி சார்ஜ் ஏறிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். 100% ஆனதும் போனில் உள்ள சிப்பே ஏற்றுவதை நிறுத்திவிடும். லேசாக இறங்கினால் மறுபடி கொஞ்சம் ஏற்றும், அவ்வளவுதான்.

ஆனால் இப்போதைய போன்களில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரிக்கு வயிறு முட்ட நிரம்பியிருப்பது பிடிக்காது. முழுதாக ஏறிய பேட்டரியின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தொடும். இப்போதைய போன்கள் பலவற்றில் 4.4 வோல்ட் வரைகூடப் போகும். அந்த நிலையில் உள்ளே இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற வேதித் திரவம் துளித்துளியாகச் சிதைந்துகொண்டே இருக்கும். அதோடு சூடும் சேர்ந்தால் சிதைவு வேகமாகும்.

அதனால் எத்தனை மணி நேரம் சார்ஜில் கிடக்கிறது என்பதைவிட, எங்கே கிடக்கிறது என்று பாருங்கள். இன்று ராத்திரி போனைத் தலையணைக்கு அடியில் வைத்து அரைமணி நேரம் மட்டும் சார்ஜ் போட்டு, முதுகுப் பக்கம் தொட்டுப் பாருங்கள். நாளைக்குக் கவரைக் கழற்றி, வெறும் மேஜையில் வைத்து அதே அரைமணி நேரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையிலேயே தெரியும். தலையணைச் சோதனையை ஒரு தடவைக்கு மேல் செய்ய வேண்டாம், அந்த அரைமணி நேரமும் பக்கத்திலேயே இருங்கள்.

80 சதவீதத்தோடு நிறுத்தும் வசதி ஐபோன் 15 முதல் இருக்கிறது. ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும். செட்டிங்ஸில் பேட்டரி பகுதியைத் தேடுங்கள். நீங்கள் எழுந்திருக்கும் நேரத்தைப் பழகிக்கொண்டு, மீதி 20 சதவீதத்தை விடியும் முன் ஏற்றும் வசதியும் உண்டு. அதைப் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குங்கள்.

புதுப் போனுக்கு முதல் தடவை 8 மணி நேரம் சார்ஜ் போட வேண்டுமாமே? மாதம் ஒருமுறை 0% வரை இறக்கவும் வேண்டுமாமே?

இரண்டும் வேண்டாம். இதெல்லாம் நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்து வைத்தியம். பாதியிலேயே சார்ஜ் போட்டுப் போட்டு அந்த அளவை 'ஞாபகம்' வைத்துக்கொள்ளும் தொல்லை அதற்கு உண்டு. 1991-இல் சோனி லித்தியம் அயான் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அந்த ஞாபகமும் கிடையாது, அடிக்கடி 0% வரை இறக்குவதும் இதற்குக் கெடுதல்தான். சதவீதக் கணக்கு தாறுமாறாகக் காட்டினால் மட்டும், ஒரே ஒரு தடவை முழுக்க இறக்கி முழுக்க ஏற்றலாம். அதில் சரியாவது கணக்கு மட்டும்தான், பேட்டரி அப்படியேதான் இருக்கும்.

மூன்று வருஷப் போன். 25% இருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. சார்ஜரில் செருகினால் அதே 25% காட்டுகிறது. போன் பொய் சொல்கிறதா?

முழுப் பொய் இல்லை. மாடித் தொட்டியில் கால்வாசித் தண்ணீர் இருக்கிறது, ஆனால் குழாயில் உப்பு படிந்து அடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். சொட்டுச் சொட்டாகப் பிடித்தால் வரும். முழுக்கத் திறந்தால் திணறும். வயதான பேட்டரியும் அப்படித்தான். உள் மின்தடை கூடிவிடும். கேமராவைத் திறந்து ஃப்ளாஷ் அடிக்கும் நொடியில் போன் ஒரேயடியாக நிறைய மின்சாரம் கேட்கிறது, மின்னழுத்தம் சடாரென்று விழுகிறது, போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடுகிறது. குளிர் நேரத்தில் இது இன்னும் மோசமாகும்.

செட்டிங்ஸில் எதைத் தட்டினாலும் இது சரியாகாது. பேட்டரியை மாற்றுங்கள். ஐபோன் 14 வரை 500 சுற்றுகளுக்குப் பிறகும், 15 முதல் 1000 சுற்றுகளுக்குப் பிறகும் 80% கொள்ளளவு மிஞ்சும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிளே சொல்கிறது. இன்று 60%, நாளை 40% செலவழித்தால் அது ஒரு சுற்று. எத்தனை தடவை செருகினீர்கள் என்பது கணக்கில் வராது. பேட்டரி என்பது செருப்பு மாதிரி, நடக்க நடக்கத் தேயும். தேய்ந்ததை மாற்றினால் போன் இன்னும் இரண்டு வருஷம் ஓடும். இதற்காகப் புதுப் போன் வாங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

வேலை முடிந்ததும் எல்லா ஆப்பையும் மேலே தள்ளி மூடிவிடுவேன். நல்ல பழக்கம்தானே?

இல்லை. பின்னால் கிடக்கும் ஆப்களில் பெரும்பாலானவை உறைந்துதான் கிடக்கின்றன. மூடிவிட்டு மறுபடி முதலிலிருந்து திறப்பதற்குத்தான் செலவு அதிகம். 2016-இல் ஆப்பிளின் தலைமை நிர்வாகியாக இருந்த டிம் குக்குக்கு ஒருவர் இதையே எழுதிக் கேட்டபோது, அங்கே மென்பொருள் பிரிவைக் கவனித்த கிரெய்க் ஃபெடரிகியிடமிருந்து தேவையில்லை என்றுதான் பதில் வந்தது. எந்த ஆப் சார்ஜைத் தின்கிறது என்று பேட்டரி பட்டியலில் பார்த்து, அது ஒன்றை மட்டும் கவனியுங்கள். வழிகாட்டும் மேப் ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் கட்டாயம் மூடுங்கள்.

டார்க் மோட் போட்டால் சார்ஜ் மிச்சமாகுமா?

எல்சிடி திரை (பின்னால் விளக்கு எப்போதும் எரியும் வகை) என்றால் ஆகாது. ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) என்றால் ஆகும், ஆனால் பிரைட்னஸைப் பொறுத்தது. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகம் 2021-இல் அளந்து பார்த்ததில், 30 முதல் 50% பிரைட்னஸில் 3 முதல் 9% மின்சாரம்தான் மிச்சமானது. முழு பிரைட்னஸில் 39 முதல் 47% மிச்சம். வீட்டுக்குள் பார்ப்பவர்கள் கண்ணுக்கு எது இதமோ அதை வைத்துக்கொள்ளலாம்.

ஊருக்குப் போகும்போது போனைத் தொடவே இல்லை, பாதி சார்ஜ் காலி. எப்படி?

நீங்கள் தொடவில்லை, அது சும்மா இருக்கவில்லை. டவர் எட்டாக்கையில் இருந்தால், அதற்குக் கேட்கும்படி போன் கத்திப் பேச வேண்டியிருக்கிறது. வண்டி நகர நகர அடுத்த டவரைத் தேடவும் வேண்டும். பாட்டு, படம் எல்லாவற்றையும் கிளம்பும் முன்பே வைஃபையில் இறக்கிக்கொண்டு, அழைப்பு எதுவும் எதிர்பார்க்காத நேரத்தில் ஏரோபிளேன் மோடில் போடுங்கள்.

மேஜையில் வைத்தால் போன் லேசாக ஆடுகிறது. திரையின் ஓரம் ஒரு பக்கம் தூக்கியிருக்கிறது. கீழே விழவே இல்லை.

இவருக்கு உடனே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், இங்கே போடுவது மற்றவர்களுக்காக. பேட்டரி வீங்கியிருக்கிறது. உள்ளே வாயு உண்டாகி, பை உப்பி, திரையைத் தள்ளுகிறது. இனி சார்ஜ் போடாதீர்கள். அணைத்துவிடுங்கள். திரையை அழுத்தி உட்காரவைக்கப் பார்க்காதீர்கள், ஊசியால் குத்தவே குத்தாதீர்கள், தீப்பிடிக்கும். எரியக்கூடிய சாமான்கள் பக்கத்தில் இல்லாமல் வைத்து, சீக்கிரம் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள். குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது.

பழைய போனை அவசரத்துக்கு என்று எடுத்து வைக்கப் போகிறேன். ஃபுல் சார்ஜில் வைக்கலாமா?

சுமார் 50% ஏற்றி, அணைத்து, சூடு படாத இடத்தில் வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி 50% ஏற்றுங்கள். நான் ஒரு போனை அடிமட்ட சார்ஜில் டிராயரில் போட்டுவிட்டு ஒன்றரை வருஷம் கழித்து எடுத்தேன். எந்தச் சார்ஜருக்கும் அது கண் திறக்கவில்லை.