ஆள் மாறும்போது மண்டை ஏன் தெறிக்கிறது?

மனசும் உடம்பும்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதக் கடிதங்களில் பல, டி.ஐ.டி. எனப்படும் பல ஆளுமைக் கோளாறு உள்ளவர்களின் உடல் உபாதைகள் பற்றியவை. ஒரே ஆளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைகள் மாறி மாறி முன்னுக்கு வரும். ஒன்றின் நேரத்தில் நடந்தது இன்னொன்றுக்கு நினைவிருக்காது. பெரும்பாலும் சிறுவயதில் திரும்பத் திரும்ப நேர்ந்த கொடுமையின் பின்விளைவு இது. சினிமாவில் காட்டும் கொலைவெறியை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டாம்.

*என் தங்கைக்கு 26 வயது. டி.ஐ.டி. என்று போன வருடம் டாக்டர் சொன்னார். ஆள் மாறுவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள். எம்.ஆர்.ஐ. நார்மல். “ஸ்கேன்ல ஒண்ணுமே இல்ல, அப்புறம் என்ன தலைவலி?” என்கிறார் அப்பா. நிஜமாகவே வலிக்கிறதா?*
– வாசகி, திருச்சி

நிஜமாகவே வலிக்கிறது. எம்.ஆர்.ஐ. என்பது கட்டி, ரத்தக்கசிவு, அடைப்பு போன்றவற்றைத் தேடும் கருவி. ஒற்றைத் தலைவலியே அதில் தெரியாது. தலைவலியோடு டாக்டரிடம் போகிறவர்களில் பெரும்பாலோருக்கு ஸ்கேன் நார்மலாகத்தான் வரும். அவர்களையெல்லாம் யாரும் நடிக்கிறார்கள் என்று சொல்வதில்லை. டி.ஐ.டி.யில் தலைவலி வருவது டாக்டர்களுக்குப் பழைய விஷயம். அமெரிக்காவில் மனநல மருத்துவர் ஃபிராங்க் பட்னமும் சகாக்களும் 100 நோயாளிகளின் விவரங்களைத் திரட்டி 1986ல் வெளியிட்டார்கள். அவர்களிடம் அடிக்கடி காணப்பட்ட உடல் உபாதைகளில் தலைவலியும் ஒன்று.

மாற்றம் நெருங்கும்போது உடம்பு முழு விறைப்பில் இருக்கும். தாடை இறுகும், பல் கடிபடும், பிடரியும் தோளும் கல்லாகும். மூச்சு வேகமாகி கார்பன் டை ஆக்சைடு குறைவதால் தலை கிறுகிறுக்கும், விரல் நுனி மரத்துப்போகும். இதற்கு நேரடி வைத்தியம் எளிது: நாக்கு நுனியை மேல்பல்லின் பின்னால் வைத்துத் தாடையைத் தொங்கவிட்டு, நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை வெளியே விடச் சொல்லுங்கள். ஐந்து நிமிடம். மாற்றத்தைத் தடுக்க அல்ல, விறைப்பைத் தளர்த்தத்தான்.

ஆனால் வலி முழுவதையும் மாற்றத்தின் தலையிலேயே போட்டுவிடாதீர்கள். நினைவு இடைவெளியால் சாதாரணக் காரணங்கள்தான் பெருகுகின்றன. ராத்திரி இரண்டு மணி வரை ஒருவர் விழித்திருக்க, காலையில் எழுபவருக்கு அது தெரியாது. ஒருவர் நாளைக்கு ஐந்து காபி குடிப்பார், இன்னொருவர் தொடவே மாட்டார். காபி நின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் மண்டை இடிக்கத் தொடங்கும். “அவள் சாப்பிட்டிருப்பாள்” என்று ஆளுக்கு ஆள் நினைத்து மதியச் சாப்பாடே விட்டுப்போகும்.

அதனால் ஒரு நோட்டு போடுங்கள். வலி தொடங்கிய நேரம், ஒரு பக்கமா இரு பக்கமா, துடிப்பா இறுக்கமா, குமட்டல் உண்டா, வெளிச்சம் கூசுகிறதா, முந்தைய இரவுத் தூக்கம், கடைசிச் சாப்பாடு, காபி, மாதவிலக்குத் தேதி. அப்போது முன்னால் யார் இருந்தார் என்பதை, சொல்ல விருப்பமிருந்தால் மட்டும். கையெழுத்து நாளுக்கு நாள் மாறியிருக்கும். திருத்த வேண்டாம், கேலியும் வேண்டாம். நான்கு வாரம் எழுதினால் டாக்டருக்கு அந்த எம்.ஆர்.ஐ.யைவிட இது உதவும். ஒரு பக்கத் துடிப்பு, குமட்டல், வெளிச்சக் கூச்சம் மூன்றும் சேர்ந்து வந்தால் அது மைக்ரேனாக, அதாவது ஒற்றைத் தலைவலியாக, இருக்கலாம். டி.ஐ.டி. இருப்பவருக்கு மைக்ரேன் வரக்கூடாது என்று சட்டமா என்ன?

நோட்டையெல்லாம் தூக்கிப்போட்டுவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய வலிகளும் உண்டு. ஒரே நிமிடத்தில் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலும் கழுத்து விறைப்பும் சேர்ந்த வலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் பலவீனம், திடீர்ப் பார்வை மங்கல், கர்ப்ப காலத்திலோ பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களிலோ புதிதாக வரும் கடும் வலி. இன்னொன்றும் உண்டு: நினைவில்லாத நேரத்தில் தலையில் அடிபட்டிருக்கலாம். வீக்கம், காயம், மண் ஒட்டிய உடை இருக்கிறதா பாருங்கள்.

*எனக்கே டி.ஐ.டி. தினமும் தலைவலி. காலையில் பாரசிட்டமால் 650 அட்டையில் 12 மாத்திரை இருந்தது, ராத்திரி பார்த்தால் 5. நான் போட்டது ஒன்றுதான். மீதி எங்கே போனது?*
– பெயர் வேண்டாம், கோவை

மீதியும் உங்கள் வயிற்றுக்குள்தான் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மாத்திரை, 4,550 மில்லிகிராம். பெரியவர்களுக்கு 24 மணி நேர உச்சவரம்பே 4,000. எடை 50 கிலோவுக்குக் குறைந்தவர்கள், சரியாகச் சாப்பிடாதவர்கள், மது அருந்துபவர்களுக்கு அதைவிடக் குறைவு. உள்ளே ஆளுமைகள் எத்தனையானாலும் கல்லீரல் ஒன்றுதான்.

இனி இப்படி ஒரு நாள் வந்தால், உடம்பு நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பாரசிட்டமாலின் ஏமாற்று வேலையே அதுதான்: முதல் நாள் கொஞ்சம் குமட்டும் அல்லது ஒன்றுமே தெரியாது, கல்லீரல் கெடுவது இரண்டாம், மூன்றாம் நாளில்தான் வெளிப்படும். அசிட்டில்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து எட்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால் நன்றாக வேலை செய்யும். காலி அட்டையைக் கையோடு எடுத்துப்போங்கள். எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். ஊகித்து ஒரு நேரத்தைச் சொல்லாமல், “காலை 8 மணிக்கு 12 இருந்தது, இரவு 9க்கு 5” என்று எண்ணியதை மட்டும் சொல்லுங்கள். வாந்தி எடுக்க முயலாதீர்கள்.

தினமும் வலி ஏன் என்பதற்கும் பதில் அந்த அட்டையிலேயே இருக்கலாம். பாரசிட்டமால், இபுபுரூஃபென் போன்ற தனி மாத்திரைகளை மாதத்தில் 15 நாளுக்கு மேலும், பல மருந்து கலந்த கூட்டு மாத்திரைகள், டிரிப்டான் எனும் மைக்ரேன் மருந்து, டிரமடால் எனும் கடும் வலி மருந்து ஆகிய வகைகளை 10 நாளுக்கு மேலும் மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், மாத்திரையே தலைவலியை உண்டாக்கத் தொடங்கும். உங்கள் கணக்கில் மாதம் ஆறு நாள்தான் இருக்கும். இன்னொருவர் கணக்கில் ஏழு, மூன்றாமவர் கணக்கில் ஐந்து. கூட்டினால் 18. யாரும் எல்லை தாண்டவில்லை, உடம்பு தாண்டிவிட்டது. நிறுத்தும்போது சில நாள் வலி கூடும், அதை டாக்டர் மேற்பார்வையில் கடந்துவிடலாம். டிரமடால் போடுபவர்கள் மட்டும் தாங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது.

வீட்டு ஏற்பாடு இப்படி இருக்கட்டும். முழு அட்டை கைக்கெட்டும் இடத்தில் வேண்டாம்; நம்பிக்கையானவர் மீதியைப் பூட்டி வைத்து, அன்றைக்கான இரண்டை மட்டும் வெளியே வைக்கட்டும். ஒரு குழியை உடைத்ததும் அதன் பின்பக்கத் தகட்டில் அழியாத மார்க்கரால் தேதி, மணி எழுத வேண்டும். நோட்டில் எழுதுவதைவிட இது மேல். நோட்டு எங்கே என்று தெரியாதவரும் அட்டையைக் கையில் எடுத்தாக வேண்டும். ஏழு நாள் மாத்திரைப் பெட்டி தினசரி மருந்துக்கு நல்லது, வலித்தால் போடும் மாத்திரைக்கு உதவாது.

இந்த ஏற்பாடு எங்கே உடையும் தெரியுமா? ஒரு ஆளுமைக்குத் தெரியாமல் ஒளித்து வைக்கும்போது. அவர் நேரே மெடிக்கல் ஷாப்புக்குப் போய்ப் புது அட்டை வாங்கிவிடுவார். ஒளிப்பதற்குப் பதில் பெட்டி மேலேயே எழுதி ஒட்டுங்கள்: “தலை வலிக்கிறதா? பின்பக்கம் கடைசியாக எழுதிய நேரத்தைப் பார். ஆறு மணி நேரம் ஆகியிருந்தால் ஒன்று போடு.” குழந்தை ஆளுமை முன்னால் இருந்தாலும் அளவு உடம்பின் வயதுக்குத்தான், மாத்திரையும் கொடுத்து, குழந்தைக்கு என்று சிரப்பும் ஊற்றினால் இரட்டை டோஸ்.

உள்ளே யாருக்காவது சாகும் எண்ணம் இருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

*தலைவலிக்கு நரம்பியல் டாக்டர் தினசரி மாத்திரை எழுதுகிறார், மனநல டாக்டர் தனியாக எழுதுகிறார். இரண்டும் ஒத்துப்போகுமா?*
– வாசகர், மதுரை

இரண்டு சீட்டையும் இரண்டு பேரிடமும் காட்டினால்தான் ஒத்துப்போகும். நம் ஊரில் மைக்ரேனுக்குச் சரளமாக எழுதப்படும் ஃப்ளூனரிசின் மனச்சோர்வைக் கிளறக்கூடியது. முன்பே மனச்சோர்வு இருந்தவருக்கு அது ஆகாது. இதை நீங்களே எடுத்துச் சொன்னால்தான் உண்டு, ஏனென்றால் “மனநல சிகிச்சையில் இருக்கிறேன்” என்று தலைவலி டாக்டரிடம் பலரும் வாய் திறப்பதே இல்லை. புரோப்ரனலால் வீசிங் உள்ளவர்களுக்குக் கூடாது. டோபிரமேட் வார்த்தை வராமல் தடுமாற வைக்கும், மறதி தரும். ஏற்கெனவே நினைவு விட்டுப்போகும் ஒருவருக்கு அது நோயா மருந்தா என்று பிரித்துப் பார்ப்பதே பெரும்பாடாகிவிடும். இரவில் 10 மில்லிகிராம் அமிட்ரிப்டிலின் தலைவலிக்கும் தூக்கத்துக்கும் உதவுவதுண்டு, ஆனால் அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். அதனால் ஒரு மாத மாத்திரையை மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள், வாரத்துக்கு வாரம் வாங்குங்கள்.

டி.ஐ.டி.க்கென்று தனி மாத்திரை கிடையாது. கூடவே வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும்தான் மருந்து. அடிப்படைக் கோளாறுக்குப் பேச்சு சிகிச்சை. அதிலும் முதலில் அன்றாட வாழ்க்கை நிலைப்பட வேண்டும், பழைய கொடுமையைக் கிளறுவது அதற்குப் பிறகு. முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் தோண்ட ஆரம்பித்தால் தலைவலி உட்பட அத்தனையும் கூடும்.

*டி.ஐ.டி. உள்ள 19 வயது மகன் விழுந்து கைகால் உதறுகிறான். இ.இ.ஜி. (மூளை அலைப் பதிவு) நார்மல். இரும்புச் சாவி கொடுத்தால் நின்றுவிடுகிறது. எழுந்ததும் தலைவலி என்கிறான். இது வலிப்பா, டி.ஐ.டி.யின் பகுதியா?*
– தாய், தூத்துக்குடி

சாவியைத் தேடி எடுத்து வருவதற்குள் அதுவாகவே நின்றுவிடுகிறதம்மா. கால்கை வலிப்பு பெரும்பாலும் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாக அடங்கும். புகழ் சாவிக்குப் போய்விடுகிறது. உதறும் கையில் இரும்பைத் திணித்தால் விரலில் காயம்தான் மிச்சம்.

வலிப்பு வராத நேரத்தில் எடுத்த இ.இ.ஜி. நார்மலாக இருப்பதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. உறுதியாகச் சொல்வது வீடியோ இ.இ.ஜி.; அதற்கு முன் உங்கள் செல்போன் வீடியோவே பாதி வேலையைச் செய்யும். முகத்தை நெருக்கமாக எடுங்கள். கண் திறந்திருந்தால் கால்கை வலிப்பின் பக்கம் சாயும். இறுக மூடியிருப்பது, தலை இடவலமாக ஆடுவது, உதறல் நின்று நின்று வந்து பல நிமிடம் நீள்வது, நடுவே அழுகை ஆகியவை மனவிலகல் (டி.ஐ.டி.யில் போல நினைவும் உணர்வும் தனியே பிரிந்துபோவது) வகைப் பக்கம். இரண்டும் ஒரே ஆளுக்கு இருக்கலாம், அதனால் வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அந்நேரத்தில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், கிள்ளாமல், பெயரையும் நாளையும் இடத்தையும் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. எழுந்தபின் வரும் தலைவலி இரண்டு வகையிலும் உண்டு. விழும்போது தலையில் அடிபட்டதா என்று கட்டாயம் பாருங்கள்.

*தோசைக்கல்லில் கை பட்டும் மனைவிக்குத் தெரியவில்லை. மாலையில் கொப்புளத்தைப் பார்த்துத்தான் திடுக்கிட்டாள்.*
– வாசகர், சேலம்

வலி மரத்துப்போவது மனவிலகலில் அடிக்கடி காணப்படுவது. நெதர்லாந்தின் உளவியலாளர் எல்லர்ட் நைன்ஹவுஸ் 1996ல் வெளியிட்ட 20 கேள்விப் படிவம் இதுபோன்ற உடல் அறிகுறிகளைத்தான் கேட்கிறது. சர்க்கரையும் பி12ம் ஒருமுறை பார்த்துவிடுங்கள், மரத்துப்போக அவையும் காரணமாகலாம். தினமும் குளிக்கும்போது உச்சி முதல் பாதம் வரை கண்ணால் பார்க்கும் பழக்கம் நல்லது. சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசையும் பேனா மையும் வேண்டாம்.

*கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரிக்கலாமா?*
– வாசகி, விருதுநகர்

கோயிலுக்குப் போவதில் தவறில்லை, அங்கே மனம் அடங்கினால் நல்லதுதான். அடிப்பது, மிளகாய்ப் புகை போடுவது, பட்டினி போடுவது, மாத்திரையை நிறுத்துவது, கட்டி வைப்பது, இந்த ஐந்தும் கூடாது. பட்டினியும் புகையுமே தலைவலியைக் கிளப்பப் போதும். கட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2001 ஆகஸ்ட் 6 ஏர்வாடி மனநலக் காப்பகத் தீ விபத்து இருக்கிறது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியில்லாமல் இறந்தார்கள்.

*என் தோழியின் ஒரு ஆளுமை “எனக்குக் கண்ணாடியே வேண்டாம்” என்று கழற்றிவிடும். மாலையானால் நெற்றிவலி. பார்வை கூடவா மாறும்?*
– வாசகி, புதுச்சேரி

விழியின் அமைப்பு மாறாது. ஆனால் மூளை பார்வையைக் கையாளும் விதம் மாறக்கூடும். ஜெர்மனியில் விபத்துக்குப்பின் பார்வையற்றவர் என்று சொல்லப்பட்ட டி.ஐ.டி. நோயாளி ஒருவருக்கு, சிகிச்சையின்போது சில ஆளுமைகளில் பார்வை திரும்பியது. பார்க்கும் நிலையில் மூளையின் பார்வை அலைகள் பதிவாயின, பார்க்காத நிலையில் பதிவாகவில்லை. 2007லும் 2015லும் இதை ஆய்விதழ்களில் வெளியிட்டார்கள்.

உங்கள் தோழி கண் டாக்டரிடம் போகும்போது, கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து போட்டுப் பவர் பார்க்கச் சொல்லுங்கள். பதற்றத்தில் கண் தசை இறுகுவதால் வரும் தவறு அதில் விலகிவிடும். பிறகு அதே பவரில் இரண்டாவது கண்ணாடி ஒன்று, விலை குறைவானதாக. அதன் ஃபிரேமை, கண்ணாடியே வேண்டாம் என்கிறவர் முன்னால் இருக்கும்போது கடைக்குப் போய் அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள்.