சீரியல் லைட் அம்மனின் முகம் ஏன் வெள்ளைத் திட்டாகிறது?

கேள்வி: எங்கள் ஊர்க் கோயில் கொடைக்கு சீரியல் லைட்டில் இருபதடி உயர அம்மன் உருவம் வைப்போம். செல்போனில் எடுத்தால் முகம் வெள்ளைத் திட்டாகிறது. வீடியோவில் கருப்புப் பட்டை ஓடுகிறது. தனி லென்ஸ் வாங்க வேண்டுமா?
- வாசகர், தென்காசி மாவட்டம்

பதில்: வேண்டாம். அம்மனைச் சுற்றியிருக்கும் இருட்டையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கும் போன், படம் இருண்டிருக்கிறதென்று வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. திரையில் அம்மன் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடியுங்கள். சூரியன் போல ஒரு குறி வரும். பல்பின் சிவப்பும் பச்சையும் தெரியும்வரை அதைக் கீழே இழுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நைட் மோடும் வேண்டாம். முடிந்தால், பொழுது சாய்ந்து கால் மணி நேரத்தில், வானம் கருநீலமாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

இதை விட்டுவிட்டுக் கடைக்குப் போனால் ஸ்டார் ஃபில்டர், கிளிப் லென்ஸ், 'நைட் கிட்' என்று தலையில் கட்டிவிடுவார்கள். என்னிடம் காட்டப்படும் பாழான படங்களில் பாதிக்கு மேல் இந்தக் கண்ணாடிகளின் கைங்கரியம்தான். கேமரா வைத்திருப்பவர்களுக்கு 'லென்ஸுக்குப் பாதுகாப்பு' என்று லென்ஸ் முன்னால் மாட்டும் யூவி ஃபில்டர் கண்ணாடி வேறு. பல்பின் ஒளி அதில் பட்டுத் திரும்பி, வானத்தில் தலைகீழாக இன்னொரு சீரியல் செட் எரியும்! இரவில் அதைக் கழற்றிவிடுங்கள். கடலோரக் கோயிலென்றால் மட்டும் விதிவிலக்கு. திருச்செந்தூர் போன்ற இடத்தில் உப்புக்காற்றும் மணலும் லென்ஸைத் தின்னும், அதனால் ஃபில்டர் இருக்கட்டும். அங்கேயும் எடுக்கும் நிமிடத்தில் கழற்றி, எடுத்ததும் மாட்டுங்கள். காற்று ஓங்கி அடித்தால் கழற்றாதீர்கள். தலைகீழ் விளக்கைப் பொறுத்துக்கொள்ளலாம், லென்ஸ் போனால் போனதுதான். போனுக்கும் இதே கதை: கேமரா மேல் ஒட்டிய கீறல் விழுந்த கண்ணாடியைப் பிய்த்தெறிந்து, விரல் ரேகையை வேட்டி நுனியால் துடையுங்கள்.

கருப்புப் பட்டைக்கு வருவோம். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. மலிவான செட்டுகள் அதற்கேற்ப நொடிக்கு 50 அல்லது 100 முறை மினுங்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமரா பிடித்துவிடும். நாமே அளவுகளை மாற்றும் ப்ரோ மோட் இருந்தால் ஷட்டர் வேகத்தை 1/50 நொடி வையுங்கள். ஐபோனில் கேமரா அமைப்புகளில் 'ரெக்கார்ட் வீடியோ'வுக்குள் 'ஷோ பால் ஃபார்மட்ஸ்' (Show PAL Formats) என்பதை இயக்கி, நொடிக்கு 25 பிரேமில் எடுங்கள். 50 சுற்று மின்சாரம் ஓடும் நாட்டில் போனை விற்கிறவர்கள் இதை ஏன் இப்படிப் புதைத்து வைக்கிறார்களோ! சில போன்களில் அதுகூடக் கிடையாது. மெகாபிக்சலை மட்டும் பக்கம் பக்கமாக விளம்பரம் செய்வார்கள்.

விளக்கு ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு படத்தில் அம்மனின் கண் இருக்காது, அடுத்ததில் சூலம் இருக்காது. கன்ட்ரோலர் பெட்டி லைட் செட்காரரிடம்தான் இருக்கும். "அண்ணாச்சி, ஓட்டத்த நிப்பாட்டி ரெண்டு நிமிசம் முழுசா எரிய விடுங்க" என்று கேளுங்கள். கூட்டம் சேருமுன் கேட்டால் செய்துதருவார்.